கூட்டமாகச் சாப்பிடப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. நண்பர்களையோ, உடன் வேலை செய்பவர்களையோ, உறவினர்களையோ கூட்டமாக அழைத்துக்கொண்டு ஆடம்பரமில்லாத ஓர் இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேச அல்லது இலங்கை உணவகத்துக்குப் போவதென்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகக் குழுவில் 14 பேர். ஒரு பெரிய வேலை முடிந்ததைக் கொண்டாட மதிய உணவுக்குச் செல்கிறோம். தமிழர், பஞ்சாபியர், வங்கதேசத்தவர் மட்டுமல்லாமல் நம் உணவே பழகாத சிலரும் இருக்கிறார்கள். நான்கு பேர் சைவம், மூன்று பேர் ஹலால் மட்டும் உண்பவர்கள், ஒருவருக்கு முந்திரி ஒவ்வாமை. ஆளுக்கு ஓர் உணவகத்தைச் சொல்கிறார்கள். வாக்கெடுப்பு நடத்திவிடலாமா?

பதில்: வாக்கெடுப்பு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வாக்கெடுப்பில் பெரும்பான்மையினருக்குப் பிடித்த இடம் கிடைத்துவிடும். ஆனால் அங்கே போன பிறகு முந்திரி ஒத்துக்கொள்ளாதவர் வெறும் சோற்றையும் தயிரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மற்ற 13 பேரும் அவரைப் பார்த்துச் சங்கடப்பட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். யாருக்குக் கட்டுப்பாடு அதிகமோ அவரிடமிருந்து தொடங்கித்தான் கூட்டத்துக்கான உணவகத்தைத் தேட வேண்டும். அவர் அச்சமில்லாமல் மூன்று நான்கு உணவுகளைக் கேட்டு வாங்கிச் சாப்பிடக்கூடிய இடத்தில் மற்றவர்களுக்கும் வேண்டியது கிடைத்துவிடும். பெரும்பான்மையிலிருந்து தொடங்கினால் அப்படி அமைவதில்லை.

எனவே முதல் வேலையாக, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ‘எதைச் சாப்பிட மாட்டீர்கள்?’ என்று கேளுங்கள். ‘எது பிடிக்கும்?’ என்று கேட்டால் பாதிப் பேர் பிரியாணி என்பார்கள். அதை வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலு பேர் முன்னால் தன் கட்டுப்பாட்டைச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘எனக்கு எதுவானாலும் சரிதான்’ என்று சொல்லிவிடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். சைவம் என்ற பதிலோடும் நின்றுவிட வேண்டாம். முட்டை சேர்ப்பவரா, வெங்காயமும் பூண்டும் தவிர்ப்பவரா, சமணராக இருந்தால் உருளைக்கிழங்கு, கேரட் போன்று மண்ணுக்கடியில் விளைபவற்றையும் ஒதுக்குபவரா, கோழி பொரித்த எண்ணெயிலேயே பொரித்த பஜ்ஜியை ஏற்றுக்கொள்பவரா என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். ஹலால் விஷயத்திலும் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் பஞ்சாபி நண்பர்களில் அமிர்தம் ஏற்ற (முறைப்படி சமய தீட்சை பெற்ற) சீக்கியர் இருந்தால், ஹலால் முறையில் அறுத்த இறைச்சியை அவர் உண்ண மாட்டார். இறைச்சி முழுவதும் ஹலால் என்று அறிவித்திருக்கும் உணவகத்தில் அவர் சைவ உணவுகளைத்தான் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெற்றுவிடுவதே மரியாதை.

இனி முந்திரிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தேர்வைத் தீர்மானிக்கப் போவது அதுதான். பொங்கலிலும் ரவா தோசையிலும் முந்திரி கண்ணுக்குத் தெரியும். தெரிவதை ஒதுக்க வழியுண்டு என்று சிலர் நினைப்பார்கள், அதுவே ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்துதான். அதைவிட ஆபத்து, அரைத்துச் சேர்த்த முந்திரி. குருமா, பட்டர் சிக்கன், பன்னீர் மக்கனி, மலாய் கோஃப்தா என்று வெளிறிய நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ கெட்டியாக வருகிற வட இந்தியக் கிரேவிகளில் கெட்டித்தன்மைக்காக முந்திரி விழுதைச் சேர்ப்பது வழக்கம். பட்டியலில் அந்தச் சொல்லே இருக்காது. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குப் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது என்பதால், குல்ஃபி, பர்ஃபி போன்ற இனிப்புகளையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். கிரேவி இல்லாத தந்தூரி வகைகள், பருப்பு, உலர்ந்த காய்கறிப் பொரியல்கள் போன்றவற்றில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைச் சமையலறையில் கேட்டு உறுதி செய்துகொள்வது ஒப்பீட்டளவில் எளிது. இதிலும் ‘மலாய்’ என்ற அடைமொழியோடு வரும் கபாப்களில் முந்திரி சேர்வதுண்டு.

சட்டத்தின் உதவி நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து, பொட்டலமிடாமல் பரிமாறும் உணவுக்கும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தை உணவகங்கள் தந்தாக வேண்டும். பிரிட்டனிலும் அதே 14 வகைகள்தாம். முந்திரி, பிஸ்தா போன்ற கொட்டைகள் மட்டுமல்லாமல், நம் சமையலில் தாளிப்புக்குத் தாளிப்பு விழுகிற கடுகும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை 9 வகைகள். 2023 ஜனவரி முதல் எள் அதில் ஒன்பதாவதாகச் சேர்ந்தது, கடுகு இல்லை. மேலும் அந்தச் சட்டம் பொட்டலமிட்ட உணவின் மேலுறையைப் பற்றியதே தவிர, உணவகத்தின் மேசைக்கு வரும் தட்டைப் பற்றியது அன்று. ஆகவே நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அச்சிட்ட பட்டியலை மட்டும் நம்பாமல் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

கேட்கும்போது வருகிற பதிலின் தரத்தைக் கவனியுங்கள். ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது, தைரியமாக வாருங்கள்’ என்று உடனே சொல்கிற இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ‘சற்று இருங்கள், உள்ளே கேட்டுச் சொல்கிறேன்’ என்று போய், திரும்பி வந்து, எந்தெந்த உணவில் முந்திரி இருக்கிறது, எந்தச் சட்டியில் தனியாகச் செய்து தர முடியும், எதைத் தர இயலாது என்று பெயர் சொல்லி விளக்குகிற இடமே உங்களுக்கானது. ‘எங்களால் உறுதி தர முடியாது’ என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களும் நேர்மையானவர்கள்தாம்; ஆனால் முந்திரி ஒத்துக்கொள்ளாதவரை அங்கே அழைத்துப் போகக் கூடாது.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் கூட்டத்துக்கு ஹலால் இறைச்சி வாங்குகிற, சைவப் பட்டியல் உண்மையிலேயே நீளமாக இருக்கிற, தந்தூர் அடுப்பு உள்ள ஒரு பஞ்சாபி அல்லது பாகிஸ்தானிய உணவகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். சைவப் பட்டியல் நீளம் என்று நான் சொல்வது, பன்னீரையே ஆறு பெயர்களில் எழுதியிருப்பதை அன்று. பருப்பில் இரண்டு வகை, கொண்டைக்கடலை, கத்தரிக்காய், வெண்டைக்காய், கீரை என்று வேறுபட்ட காய்களாவது இருக்க வேண்டும். இறைச்சி உண்பவர்கள் ஒரு வேளைக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், ஒரு தூய சைவ உணவகம் சைவர், ஹலால் உண்பவர், சீக்கியர் ஆகியோரின் இறைச்சிச் சிக்கலை ஒரேயடியாகத் தீர்த்துவிடும். அங்கும் முந்திரிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் உணவு பழகாதவர்களைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தந்தூரி கோழி, நான் ரொட்டி, பருப்பு, தயிர்ப் பச்சடி ஆகியவை மேசையில் இருந்தால் அவர்கள் தாமாகவே வழி கண்டுகொள்வார்கள்.

கேள்வி: உறவினர் 20 பேரோடு ஒரு தென்னிந்திய உணவகத்துக்குப் போய், எல்லோரும் விதவிதமான தோசைகள் கேட்டோம். முதலில் சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு வந்த பிறகும் கடைசியில் இருந்தவர்களுக்குத் தோசை வரவில்லை. தோசை மிக நன்றாக இருந்தது. குறை யாருடையது?

பதில்: தோசைக்கல்லின் இயல்பு அது. ஒரு கல்லில் ஒரு சமயத்தில் சில தோசைகளே கொள்ளும். ரோஸ்ட் என்றால் அவை நின்று முறுகலாக வேண்டும். அதே கல்லில்தான் மற்ற மேசைகளுக்கும் பார்சலுக்கும் தோசை மாஸ்டர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். முதலில் வெந்ததை எடுத்து வைத்து 20-உம் சேர்ந்த பிறகு ஒன்றாகக் கொண்டுவரவும் முடியாது, ஏனென்றால் காத்திருக்கும் தோசை சில நிமிடங்களில் தொய்ந்துவிடும். இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், முழுச் சாப்பாடு ஆகியவை அப்படியல்ல. இட்லி ஒரே அடுக்கில் பல தட்டுகளாக வெந்துவிடுகிறது, மற்றவை பாத்திரத்திலிருந்து அள்ளிப் பரிமாறப்படுபவை. 

கூட்டத்துக்கு உணவகம் தேடும் எல்லோரும் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்: ஓர் உணவகத்தின் பெயர்பெற்ற பண்டம் பாத்திரத்திலிருந்து வருகிறதா, கல்லிலிருந்து ஒவ்வொன்றாக வருகிறதா? இருவராகப் போகும்போது மனத்தை நிறைக்கிற இடம் இருபது பேராகப் போகும்போது ஏமாற்றம் தருவதற்கு, பெரும்பாலும் சமையல்காரரின் திறமைக் குறைவு காரணமாக இருப்பதில்லை. கொத்து ரொட்டியும் தோசையைப் போலத்தான். கல்லில் ஓரிரு பங்குகளாகவே கொத்த முடியும். தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் நான் ரொட்டி, அடுப்பின் வெப்பம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால் ஓரிரு நிமிடங்களில் வெந்துவிடுகிறது. கூடையில் வந்து பலரும் பிய்த்துக்கொள்வதால் அங்கே காத்திருப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. தம் பிரியாணி பாத்திரத்து உணவுதான், ஆனால் அதற்கும் ஒரு நேரம் உண்டு. தம் உடைக்கும் நேரம், அதாவது அண்டாவின் மூடியைத் திறக்கும் நேரம், எது என்று கேட்டு, அதையொட்டிப் போனால் 20 தட்டுகள் ஒரே மூச்சில் வரும். மதியம் கழிந்து போகிறவர்களுக்கு அண்டாவின் அடியில் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

அடுத்த முறையும் அதே உணவகத்துக்கே போங்கள், தோசை நன்றாக இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்களே. உட்கார்ந்தவுடன் எல்லோருக்கும் இட்லியும் வடையும் பொங்கலும் சொல்லிவிடுங்கள். அவை வந்து எல்லோரும் சாப்பிடத் தொடங்கிய பிறகு தோசைகளை இரண்டு மூன்றாக வரவழைத்து, வந்ததை வந்தபடி வெட்டிப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு தோசை என்பதை மட்டும் கைவிட்டால், எல்லோருக்கும் நாலைந்து வகைத் தோசையின் ருசி கிடைக்கும்.

கேள்வி: நான் வெளிநாட்டில் வசிக்கிறேன். இங்குள்ள ‘இந்தியன்’ உணவகங்களில் எங்கு போனாலும் கோர்மா, மெட்ராஸ், விண்டாலு, டிக்கா மசாலா என்று ஒரே பட்டியல்தான். இவற்றுக்குள் நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: அந்தப் பட்டியல் பிரிட்டனில் உருவானது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 1810-இல் லண்டனில் இந்துஸ்தானி காபி ஹவுஸ் என்ற உணவகத்தைத் தொடங்கினார். 1926-இல் வீராசாமி உணவகம் வந்தது. ஆயினும் ஊருக்கு ஊர் பரவிய எளிய உணவகங்களில் பெரும்பகுதியை நடத்தியவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து சென்றவர்கள். வாடிக்கையாளர்களுக்குப் புரியும்படி உறைப்பின் அளவை ஒட்டிப் பெயர்களை வரிசைப்படுத்தினார்கள்: கோர்மா என்றால் உறைப்பில்லாதது, மெட்ராஸ் என்றால் உறைப்பு, விண்டாலு என்றால் அதனினும் உறைப்பு. அந்த மெட்ராஸை நம் சென்னையில் தேடினால் கிடைக்காது. தந்தூரி வகைகள் வேறு வழியாக வந்தவை. 1947-இல் பெஷாவரிலிருந்து தில்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய மோத்தி மஹால் உணவகம் அவற்றைப் புகழ்பெறச் செய்தது.

இத்தகைய உணவகங்களின் சமையலறையில், வெங்காயத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு பொதுக் குழம்பைக் காலையிலேயே பெரிய அளவில் காய்ச்சி வைத்துக்கொள்வார்கள். யாராவது கேட்டதும், ஒரு வாணலியில் அந்தக் குழம்பை ஊற்றி, அதற்குரிய மசாலாவும் முன்பே வெந்த இறைச்சியும் சேர்த்துச் சில நிமிடங்களில் இறக்கிவிடுவார்கள். எல்லா உணவும் ஒரே சாயலில் இருக்கிறது என்று நீங்கள் உணர்வதற்கு அதுவே காரணம். ஆனால் கூட்டத்துக்கு அதுவே பெரிய வசதி என்பதையும் சொல்லியாக வேண்டும். 15 பேருக்கு 15 விதமாகக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மேசைக்கு வந்துவிடும், உறைப்பையும் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றித் தருவார்கள். உறைப்பு தாங்காதவர்களும் சிறுவர்களும் நிறைந்த கூட்டத்துக்கு இந்த உணவகங்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வேறு சுவை வேண்டுமென்றால் பட்டியலில் ஊர் வாசனை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் குறுகியதாக இருப்பது நல்ல அறிகுறி. வெள்ளிக்கிழமை மட்டும் நிஹாரி (நெடுநேரம் வேகவைத்த இறைச்சிக் குழம்பு), ஞாயிறு மட்டும் ஆட்டுக்கால் பாயா என்று கிழமை குறித்து எழுதியிருந்தால், அங்கே நேரமெடுத்துச் சமைக்கிற ஒருவர் இருக்கிறார் என்று பொருள். கடுகெண்ணெய் வாசத்தோடு மீன் குழம்பு, ஆப்பமும் இடியாப்பமும், குஜராத்தி ‘கடி’ எனும் மோர்க் குழம்பு, நேபாள மோமோ என்று ஒரு நிலப்பகுதியையாவது உரிமையோடு சொல்லும் உணவகமா என்று பாருங்கள்; பஞ்சாபி, சீன, இத்தாலிய, மெக்சிகோ உணவுகள் நான்கும் ஒரே அட்டையில் இருந்தால் நான் தள்ளி நிற்பேன். கூட்டத்தோடு போவதற்கு ஒரு வாரம் முன்பு இருவராகப் போய்ச் சாதாரணப் பருப்பையும் சோற்றையும் சாப்பிட்டுப் பாருங்கள். வறுத்ததும் பொரித்ததும் எங்கும் ஓரளவு நன்றாகவே இருக்கும். பருப்பில்தான் சமையல்காரரின் அக்கறை தெரியும். மேலே எண்ணெய் திரண்டு நிற்காமல், தாளித்த சீரகத்தின் வாசம் மாறாமல், அடிப்பிடித்த நெடி இல்லாமல் பருப்பு வந்தால், மற்றவற்றையும் நம்பிக் கேட்கலாம்.

கேள்வி: என் அத்தைக்குக் கோதுமையே ஒத்துக்கொள்ளாது, சீலியாக் நோய் என்று மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். தோசை அரிசியும் உளுந்தும்தானே என்று தென்னிந்திய உணவகத்துக்கே எப்போதும் அழைத்துப் போகிறோம். அது சரிதானா?

பதில்: திசை சரி, ஆனால் வழியில் சில பள்ளங்கள் உண்டு. முதலாவது பெருங்காயம். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அது சாம்பாரிலும் ரசத்திலும் சில சட்னிகளின் தாளிப்பிலும் சேர்கிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது என்பதால், எந்த வகையைப் பயன்படுத்துகிறார்கள் என்று டப்பாவின் மேலுறையைப் பார்த்துச் சொல்லும்படி கேட்பதில் தவறேதும் இல்லை. இரண்டாவது, ரவா தோசையும் ரவா இட்லியும் கோதுமை ரவையில் செய்தவை. மூன்றாவது, தோசை ஊற்றும் கல்லிலேயே ரவா தோசையும் பரோட்டாவும் போடுகிற இடங்கள் உண்டு. சீலியாக் நோயாளிக்கு அந்தச் சிறிய கலப்பே போதும், உடல் பாதிக்கப்படும். இட்லி தனியாக ஆவியில் வேகிறது என்பதால் அத்தைக்கு அதுவே பாதுகாப்பான தொடக்கம்; உடன் தேங்காய்ச் சட்னியைத் தாளிப்பில்லாமல் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இலங்கை உணவகத்துக்குச் சைவ நண்பர்களை அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லலாம். பருப்புக் கறி, பலாக்காய்க் கறி, பீட்ரூட் கறி, கத்தரிக்காய் மோஜு, சொதி என்று அவ்வளவு விரிந்த சைவச் சமையல் அங்கே இருக்கிறது. ஒன்றை மட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்: தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசிக் கருவாட்டை இடித்துச் சேர்ப்பது அங்கே பரவலான வழக்கம். தட்டில் வந்த பிறகு பார்த்தால் தெரியாத அளவுக்கு அது பொடியாகிக் கலந்திருக்கும். ‘சைவமா?’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘மாசி போட்டிருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். உடனே தெளிவான பதில் வரும். சைவக் கொத்து ரொட்டி கேட்டால், முட்டை வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: பஃபே என்றால் இந்தத் தொல்லைகளே இல்லையே? எல்லோரும் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஏன் பலர் அதைக் குறை சொல்கிறார்கள்?

பதில்: காத்திருக்க வேண்டியதில்லை, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கும் எளிது என்ற வகையில் பஃபே கூட்டத்துக்கு ஏற்றதுதான். ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொரு பாத்திரத்துக்குப் போவதை யாராலும் தடுக்க முடியாது.

மற்றவர்கள் கவனிக்க வேண்டியது வெப்பம். பரிமாறுவதற்காக வைத்திருக்கும் சூடான உணவு 63 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. அமெரிக்காவின் உணவு விதித் தொகுப்பு 57 டிகிரி என்கிறது. உள்ளே போனதும் மூடியைத் திறந்து பாருங்கள்: ஆவி எழும்ப வேண்டும், அடியில் உள்ள தண்ணீர்த் தட்டு சூடாக இருக்க வேண்டும், குழம்பின் மேல் ஆடை படிந்திருக்கக் கூடாது. குறிப்பாகச் சோற்றைக் கவனியுங்கள். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் வேகும்போதும் அழிவதில்லை; சோறு ஆறிப்போய் அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. சிறு பாத்திரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அடிக்கடி மாற்றுகிற உணவகம் நல்ல உணவகம். கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்தில் போனால் பாத்திரங்கள் விரைவாகக் காலியாகிப் புதிதாக நிரம்பும் என்பதால், பஃபேக்குச் சந்தடி மிகுந்த நேரமே உகந்தது. மூடுவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது கூட்டத்தை அழைத்துக்கொண்டு நுழையாதீர்கள்.

கேள்வி: 10 பேர் பகிர்ந்து சாப்பிட எவ்வளவு கேட்பது? எப்போதும் பாதி மீந்துவிடுகிறது.

பதில்: ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கறி கேட்பதால் மீந்துபோகிறது. பட்டியலை ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் எல்லோருக்குமாகக் கேட்பதே நல்லது. 10 பேருக்கு என் கணக்கு இது: தொடக்கத்துக்கு நாலு தட்டு, அதன் பின் ஆறு கறிகள். அந்த ஆறில் மூன்று சைவமாக இருக்கட்டும். இறைச்சி உண்பவர்களும் பருப்பையும் காயையும் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், சைவர்கள் மூன்றே பேராக இருந்தாலும் பாதியைச் சைவமாகக் கேட்காவிட்டால் அவர்களுக்குப் போதாது. ரொட்டி ஆளுக்கு ஒன்று, சோறு மூன்று பேருக்கு ஒரு பங்கு. பிரியாணி கேட்டால் வெறும் சோற்றைக் குறைத்துவிடுங்கள். ஆறு கறிகளில் இரண்டுக்கு மேல் பாலேடு கலந்ததாக இருக்க வேண்டாம், திகட்டிவிடும். உலர்ந்த வறுவல் ஒன்றும் புளிப்பான ஒன்றும் அவசியம் இருக்கட்டும். போதாமல் போனால் இன்னும் இரண்டு ரொட்டியும் ஒரு பருப்பும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். தொடக்கத்திலேயே மேசையை நிரப்புவதற்கு எந்த அவசியமும் இல்லை.

கேள்வி: கட்டணத்தைச் சமமாகப் பிரிப்பதா, சாப்பிட்டதற்குத் தகுந்தபடியா?

பதில்: எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்திருந்தால் சமமாகப் பிரிக்கலாம், மதுவை மட்டும் தனிக் கணக்காக்கி, அருந்தியவர்களே ஏற்றுக்கொள்ள வேண்டும். சைவர்கள் தனியாகச் சாப்பிட்டிருக்க, ஆட்டிறைச்சியின் விலையை அவர்கள் தலையிலும் ஏற்றுவது நியாயமில்லை. எந்த முறை என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். கையில் பணம் குறைவாக உள்ளவர் மேசையில் எதிர்த்துப் பேச மாட்டார், அடுத்த முறை வராமல் இருந்துவிடுவார். பெரிய கூட்டங்களுக்குச் சேவைக் கட்டணத்தை உணவகமே சேர்த்துவிடுவதுண்டு என்பதால், ரசீதைப் பார்த்த பிறகு அன்பளிப்பைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வயதான பெற்றோரும் கைக்குழந்தைகளும் வருகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: படிக்கட்டு, கழிப்பறை இருக்கும் தளம், சத்தம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பெரிய கூட்டத்தை மாடி அறைக்கு அனுப்புவது பல உணவகங்களின் வழக்கம். முழங்கால் வலி உள்ளவர் வருகிறார் என்று முன்பே சொன்னால் கீழே இடம் ஒதுக்குவார்கள். நீண்ட ஒரே மேசையில் ஒரு கோடியில் இருப்பவர் பேசுவது மறுகோடிக்குக் கேட்காது; காது மந்தமானவர்களை நடுவில், சுவரைப் பின்புறமாகக் கொண்டு உட்கார வையுங்கள். 12 பேருக்கு மேல் என்றால் இரண்டு மேசைகளாகப் பிரித்து, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உணவை முதலில் தரச் சொல்லிவிடலாம்.

கேள்வி: முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசும்போது என்னவெல்லாம் கேட்க வேண்டும்? இணையத்திலேயே பதிவு செய்துவிட்டால் போதாதா?

பதில்: நாலு பேர் என்றால் இணையம் போதும். எட்டுப் பேரைத் தாண்டினால் பேசிவிடுங்கள். மதியக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் தொடங்காத, பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள்ளான நேரத்தில் அழைத்தால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஒரே மேசையா, எத்தனை மணி நேரம் இருக்கலாம், கூட்டங்களுக்கென்று நிர்ணயித்த பட்டியல் கட்டாயமா, முன்பணம் எவ்வளவு, இரண்டு பேர் வராமல் போனால் அவர்களுக்கும் பணம் கட்ட வேண்டுமா, ரசீதைப் பிரித்துத் தருவார்களா என்பவற்றைக் கேளுங்கள். நிர்ணயித்த பட்டியல் என்றால், அதிலுள்ள உணவுகளைப் படித்துக் காட்டச் சொல்லி, சைவருக்கான பங்கு இறைச்சிப் பங்குக்கு ஈடாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வாமை பற்றிய பதிலைச் சொன்னவர் யார் என்பதையும், உங்கள் கூட்டம் வரும் நாளில் அவர் பணியில் இருப்பாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், முன்பதிவுக் குறிப்பிலேயே ஒவ்வாமை விவரத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். போகும் நாளன்று காலை மீண்டும் ஒரு முறை அழைத்து, இறுதி எண்ணிக்கையையும் அந்தக் குறிப்பு சமையலறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.